டென்மார்க் பார்க்காத கரண்ட்

காரிமங்கலத்துக்குப் பக்கத்து ஊரில் கலைமதி ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள் என்றால் யாரும் நம்புவதில்லை. காலையில் அவள் பஸ் ஏறுவதில்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்குவதில்லை. மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தால் பொழுது சாயத்தான் எழுந்திருப்பாள். டென்மார்க்கில் ஒரு சின்னக் கம்பெனி. தோட்டத்து மோட்டாரைத் தானாகவே ஓட்டி நிறுத்தும் கருவி செய்கிறது. அதில் குறை எங்கே என்று தேடிச் சொல்வது கலைமதியின் பாடு. சம்பளக்காரி அல்ல, தனி ஒப்பந்தக்காரி.

மாமனார் சென்னப்பனுக்கு இது பிடிபடவே இல்லை. யாராவது விசாரித்தால், "மருமவ வூட்லதாங்க சும்மா இருக்குது" என்பார். அந்தச் 'சும்மா' காதில் விழும்போதெல்லாம் கலைமதிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதற்கு முன் நாலு வருஷம் பெங்களூரில் வேலை, விடுதி வாசம். சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்புவாள். கிளம்பும் நேரம் பார்த்து மகள் ஐஸ்வர்யா உருளைப் பெட்டியின் மேல் ஏறிச் சம்மணம் போட்டுக்கொள்வாள். அழமாட்டாள், பேசவும் மாட்டாள். தூக்கி இறக்கிவிட்டுத்தான் பெட்டியை இழுக்க வேண்டும். அந்தப் பாவத்தை எத்தனை ஞாயிறு செய்தாளோ! அந்தப் பெட்டி இன்னும் பீரோவுக்குப் பக்கத்தில் துணியோடுதான் நிற்கிறது. டென்மார்க் ஒப்பந்தம் மூன்று மாதச் சோதனை. திங்கட்கிழமை கூட்டத்தில் நீட்டிக்காவிட்டால் மறுபடி பெங்களூர்தான்.

கருவியின் பெரிய குறையை அவள் கண்டுபிடித்தது மாமனாரின் போர்வெல்லில். தண்ணீர் தீர்ந்தால் கருவி மோட்டாரை நிறுத்திவிட்டு, ஊறட்டும் என்று இரண்டு மணி நேரம் காத்திருக்கும். அதுவரை சமர்த்து. நடுவில் கரண்ட் போய் வந்தால் மட்டும் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, வறண்ட போரிலேயே மோட்டாரை ஓட்டிவிடும். அப்படியே விட்டால் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிவிடும்.

மூன்று முறை எழுதினாள். மூன்று முறையும், இங்கே அப்படி நடக்கவில்லை என்று புகாரை மூடிவிட்டார்கள். கடைசியாகத் தலைமைப் பொறியாளர் ஹென்ரிக் எழுதியது இது: "மின்சாரம் நடுவில் போவது மிக அபூர்வம் அல்லவா?"

"அபூர்வமாம்!" என்று கலைமதி தனியாக உட்கார்ந்து சிரித்தாள். பிறகுதான் கோபம் வந்தது. திங்கட்கிழமைக் கூட்டத்தைத் தோட்டத்திலிருந்தே நடத்திக் காட்டுவது என்று முடிவு செய்தாள்.

தோட்டத்துக்கு மும்முனைக் கரண்ட் முறை வைத்துத்தான் வரும். முறை மாற்றும்போது இரண்டரைக்கு நிற்கும், பத்து நிமிஷத்தில் திரும்பும் என்று கணக்குப் போட்டு, செல்போனை வேப்பமரத்துக் கிளையில் கட்டினாள். திரையில் ஹென்ரிக்கோடு ஐந்து பேர். தண்ணீர் தீர்ந்தது, கருவி மோட்டாரை நிறுத்தியது. இரண்டரை ஆயிற்று. கரண்ட் போகவில்லை. இரண்டே முக்கால். பாழாய்ப்போன கரண்ட், வேண்டாத நேரமெல்லாம் போகிறது, இன்றைக்கு அசையவே இல்லை! ஹென்ரிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வரப்பில் நின்றிருந்த சென்னப்பன், "ஏம்மா, எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கற?" என்றார்.

"கரண்ட் நிக்கணும் மாமா. ரெண்டரைக்கு நிக்குமில்லீங்களா?"

"அது போன வாரத்து முறை. இன்னைக்கு மாத்திட்டாங்களே, கேட்டுக்கக் கூடாதா?"

முறை வாரா வாரம் மாறும் என்பதையே நாலு வருஷப் பெங்களூர் வாசம் மறக்கடித்திருந்தது. கரண்ட் ஒரு தடவை போய் வந்தால் போதும் என்று விஷயத்தை இரண்டே வார்த்தையில் சொன்னாள். அவளுக்குத் தோன்றாதது பெரியவருக்குத் தோன்றியது; மோட்டார் கொட்டகைக்குள் போய் மெயினை இறக்கினார், எண்ணிப் பத்து நொடி கழித்து ஏற்றினார்.

கருவி விழித்தது. மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது. குழாயில் ஒரு சொட்டு இல்லை, வெறும் காற்று புஸ்ஸென்று வந்தது.

கலைமதி பதறிப்போய், "நிறுத்திருங்க மாமா, மோட்டார் போயிரும்!" என்றாள்.

சென்னப்பன் சுவிட்சில் கை வைத்தபடியே நின்றார். "இருக்கட்டும். அவங்க கண்ணால பாக்கட்டும்."

திரையில் ஐந்து பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஹென்ரிக், "நிறுத்தச் சொல்லுங்கள், பார்த்துவிட்டோம்!" என்று கத்தினார். அதைக் கலைமதி தமிழில் சொன்ன பிறகே பெரியவர் மெயினை இறக்கினார்.

கருவியின் விற்பனையை அன்றே தள்ளிவைத்தார்கள். புதன்கிழமை கடிதம் வந்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம்; இனிமேல் கலைமதி சரியென்று சொல்லாமல் எதுவும் வெளியே போகாது. அவள் கணவன் மாதேஷ் டயர் கடையை மதியமே சாத்திவிட்டு ஜிலேபியோடு வந்தான். சந்தையில் யாரோ மருமகளுக்கு எந்தக் கம்பெனி என்று கேட்டதற்கு, "கம்பெனிக்கே எங்கூட்டுப் புள்ளதாங்க வேல சொல்லுது" என்றாராம் சென்னப்பன்.

அன்று சாயங்காலம் அவர் பீரோ பக்கம் வந்து நின்றார்.

"இந்தப் பொட்டியில துணிய எடுத்துரும்மா. வெதக் கடல போட்டு வெக்கலாம், எலி நொழையாது."

கலைமதி ஒவ்வொரு துணியாக எடுத்து பீரோவில் அடுக்கினாள். பெட்டி காலியானதும் ஐஸ்வர்யா பழக்கத்தில் அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். யாரும் அவளை இறக்கிவிடவில்லை.