அமாவாசைத் தவணை

அடுத்தவர் விஷயம் என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் மடியில் பெரிய பை இருந்தால், உள்ளே என்ன என்று தெரிந்துகொள்ளாமல் பொன்னேரியில் இறங்க மாட்டேன். அப்பேர்ப்பட்ட எனக்கு, சொந்தத் தம்பி ஐந்து இடத்தில் கடன் வாங்கியிருந்தது நாலு மாதம் தெரியவில்லை. முதலில் வலித்தது அதுதான். கடனைப் பற்றிய பயம் பிறகுதான் வந்தது.

பழவேற்காடு கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒருநாள் மத்தியானம் ரவிக்கைத் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. யாரோ ஒரு பெண். உங்கள் தம்பி பணம் கட்டவில்லை, கட்டாவிட்டால் அவன் போனில் இருக்கும் எல்லாருக்கும் சொல்லிவிடுவோம் என்றாள். எல்லாரும் என்றால் யார் யார், என் மாமியார் நம்பரும் இருக்கிறதா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

தம்பி வீட்டுக்குப் போய் அவனைப் பிடித்து உட்கார வைத்தேன். இருபத்துமூன்று வயது. ஏரியில் இறாலும் நண்டும் பிடிக்கிறான். எங்களைப் பெற்ற நைனா போன பிறகு படகும் மோட்டாரும் அவன் பொறுப்பு. மோட்டார் பழுதானபோது, போனில் வந்த ஒரு கடன் ஆப்பில் எட்டாயிரம் எடுத்திருக்கிறான். இப்போது ஐந்து ஆப்புக்கும் சேர்த்து நாற்பதாயிரத்துக்கு மேல் நிற்கிறது. குடிக்கிறவனா, சூதாடுகிறவனா, ஒன்றும் கிடையாது. பிறகு எப்படி என்று எனக்கு மண்டை குடைந்தது.

"வட்டி இன்னாடா போட்டான்?"

"வட்டியெல்லாம் எங்கக்கா பாத்தேன். அமாவாசைக்குக் கட்டிடலாம்னு எடுத்தேன்."

சுவரில் தொங்கிய காலண்டரை எடுத்து வந்து, அவன் கடன் வாங்கிய தேதிகளையெல்லாம் பேனாவால் வட்டம் போட்டேன். அப்போதுதான் புரிந்தது. அமாவாசையை ஒட்டி நாலைந்து நாள் ஏரியில் தண்ணீர் ஓட்டம் வேகமாக இருக்கும், இறால் நன்றாகப் படும், கையில் காசு புரளும். எங்கள் குப்பத்தில் மளிகைக் கடை, வலைக் கடை, டீக்கடைப் பாக்கி எல்லாம் அதற்குப் பிறகுதான் கேட்பார்கள். கடன் என்றால் அமாவாசை கழித்துக் கட்டுவது என்றுதான் அவனும் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறான். ஆப் ஏழாம் நாளே பணம் கேட்டது. அமாவாசை வரைக்கும் தாக்குப்பிடிக்க இரண்டாவது ஆப், அதைக் கட்ட மூன்றாவது. எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அதற்குள் மோட்டாரை விற்றுக் கடனை அடைப்பதென்று அவன் முடிவு எடுத்திருந்தான். நண்டு வாங்கும் ஏஜெண்ட் ஒருவர் அதைப் பாதி விலைக்குக் கேட்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கினு போறேன்னு சொல்லிக்கீறாரு" என்றான்.

மோட்டார் போனால் காலத்துக்கும் அடுத்தவன் படகில் கூலிக்குத்தான் போக வேண்டும். அது புதன்கிழமை.

வியாழக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு பொன்னேரியில் ஒரு வங்கிக்குப் போனேன். அதிகாரி நல்ல மனிதர். ஐந்து ஆப்பில் இரண்டு அனுமதியே இல்லாதவை, அவற்றுக்குப் பணம் கட்டாமல் போலீசில் புகார் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். மீதி மூன்றுக்கு இருபத்தெட்டாயிரம். கடன் தரலாம், ஆனால் மாதா மாதம் ஐந்தாம் தேதி தவணை என்றார்.

"அமாவாசை எட்டாம் தேதி வந்தா இன்னா சார் பண்றது?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "சிஸ்டத்துல அமாவாசை கிடையாதும்மா."

மிச்சம் இருந்தது எங்கள் மகளிர் குழு. தலைவி எனக்கு அத்தை முறை. கருவாடு விற்கிறவர். அவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தால் எங்கள் பாக்கியெல்லாம் பைசா சுத்தமாக அதில் இருக்கும்.

"ஒம்பேர்ல தர்றோம். ஆனா செலவு பண்ணவன் வந்து ஒக்காந்து சொல்லணும்" என்றார்.

தம்பியிடம் சொன்னேன். "பத்து பொம்பளைங்க முன்னாடி நான் இன்னான்னு சொல்றது? மோட்டாரே போவட்டும்" என்று கதவைச் சாத்திக்கொண்டான். அன்றைக்கு நான் அழுதேன், மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அத்தை வீட்டு வாசலில் குழு கூடியது. பேச்சு ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் ஈரச் சட்டையோடு அவன் வந்து நின்றான். எது அவனை வர வைத்தது என்று இன்றைக்கு வரை பத்துத் தடவை கேட்டிருக்கிறேன். "சும்மாதான்" என்கிறான்.

கேள்விகள் வந்தன. தரையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் குனிந்தபடி பதில் சொன்னான்.

"மூணாவது கடன் எதுக்குப்பா?"

"ரெண்டாவத கட்டறதுக்கு."

"நாலாவது?"

"மூணாவத கட்டறதுக்கு." கேட்டவள் ஐந்தாவதைப் பற்றிக் கேட்கவில்லை. காலண்டரில் நான் போட்ட வட்டங்களைக் காட்டினேன். அது கைக்குக் கை போய் வந்தது. அங்கே யாருக்கும் அமாவாசையைப் பற்றி விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருபத்தெட்டாயிரமும் தருவதென்று முடிவானது: பெரிய தவணை அமாவாசை கழித்து, சின்னது பௌர்ணமி கழித்து, ஓட்டம் இல்லாத வாரத்தில் வட்டி மட்டும். அந்த வட்டி என் தையல் காசிலிருந்து. பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஏஜெண்டுக்கு, வர வேண்டாம் என்று தம்பி அங்கேயே போன் செய்தான்.

எல்லாரும் கலைந்தார்கள். அத்தை நோட்டை மூடினார், ஆனால் எழுந்திருக்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார்.

"இத கொஞ்சம் பாரு."

"ஒம் பையனுதா அத்த?" என்று நான்தான் முந்திக்கொண்டு கேட்டேன்.

"என்னுதுதான்."

தம்பி திரையில் இருந்த கடன் ஆப்பைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். பிறகு அவர் பக்கத்திலேயே மறுபடியும் தரையில் உட்கார்ந்தான்.

"எப்ப கட்டணும்னு சொல்லிக்கீறான் அத்த?"

"நாளைக்கு" என்றார்.