யார் பிழையும் இல்லாத கை

நியூசிலாந்தில், ஒக்லாந்தின் நியூ லின் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு கூத்து நடக்கும். வீடு கூட்டித் துடைக்க ஒருவர் வருவார். அவர் வருவதற்குள் என் மனைவி சாந்தி வீட்டைக் கூட்டித் துடைத்துவிடுவாள். "குப்பையைப் பாத்தா அந்த மனிசி எங்களைப் பற்றி என்ன நினைக்கும்?" என்பது அவளுடைய நியாயம்.

அந்த மனுஷி நகரின் மறுபக்கம் மங்கரேயில் இருந்து வரும் மெலே. பசிபிக் தீவான தொங்கா நாட்டுக்காரி. அவரை அனுப்புவது அரசாங்கத்தின் விபத்து இழப்பீட்டுத் திட்டம். மணிக்கட்டில் செய்த சின்ன ஒப்பரேஷனில் நரம்பு வெட்டுப்பட்டு, சாந்தியின் வலக்கையில் இரண்டு விரல்கள் மரத்து மடங்கிவிட்டன. இங்கே அது யார் பிழை என்று நிரூபிக்க வேண்டியதில்லை. நட்டஈடு கேட்டு டொக்டர்மேல் வழக்குப் போடவும் முடியாது. சிகிச்சையால் வந்த காயம் என்றால் போதும், வைத்தியமும் வீட்டு உதவியும் கிடைக்கும். விண்ணப்பத்தை அனுப்பியதே அந்த டொக்டர்தான். "என் கத்திதான் பட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார். சண்டை பிடிக்க ஆங்கில வசனங்களைப் பாடமாக்கிக்கொண்டு போயிருந்த நான், தாங்க் யூ சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

ஊரில் என் அண்ணனுக்கும் இப்படித்தான் ஒப்பரேஷனில் ஒரு கண் போனது. அந்த டொக்டர் வாயே திறக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அடுத்த காய்ச்சலுக்கும் அவரிடம்தானே போகவேண்டும்.

கைக்கு ஓய்வு கொடுக்காவிட்டால் விரல்கள் திரும்பாது என்று பயிற்சி கொடுக்கும் பெண் எச்சரித்தாள். சாந்தி தலையாட்டிவிட்டு வந்து மறுபடி கூட்டித் துடைத்தாள். எனக்குப் பயம் பிடித்தது. மெலே, பேசிப் பயனில்லை என்று கண்டு, போகும்போது வீடு கூட்டும் எங்கள் தும்புத்தடியைக் காரில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்த வாரம் முழுக்க சாந்தி குப்பையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். கை ஓய்ந்திருந்தது.

அண்ணன் ஊரில் இருந்து வீடியோவில் வந்தார். யார் பிழை என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. "ஆற்றை பிழையாம்?"

"ஆற்றையும் இல்லை அண்ணை. இஞ்ச அப்பிடிக் கேக்கிறேல்லை."

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"மன்னிப்புக் கேட்டவர்."

அண்ணன் பார்வை போன கண்ணைக் கசக்கினார். பிறகு, "எனக்கும் அப்பிடி ஒருக்கால் கேட்டிருந்தா காணும், வேற ஒண்டும் வேண்டாம்" என்றார். இங்கே டொக்டரிடம் காட்ட முடியாமல் திரும்பக் கொண்டுவந்த கோபம் அப்போது எனக்கு ஊரில் வாயே திறக்காத அந்த டொக்டர் பக்கம் திரும்பியது.

"சாந்தி, கையைக் காட்டும் பாப்பம்" என்று அண்ணன் போனை நல்ல கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். திரை நிறைய அவருடைய கண். மூலையில் எங்கள் சின்னக் கட்டத்தில் சாந்தி கையை உயர்த்தினாள். மடங்கிய விரல்களில் ஒன்று மெல்ல அசைந்தது.