எதிர் நாற்காலி

அந்த நாற்காலியின் பின்னங்கால்களில் ஒன்று கொஞ்சம் குட்டை. உடம்பை வலப்பக்கம் சாய்த்தால் கிரீச்சென்று கத்தும். இடப்பக்கமாக எடையைப் போட்டு உட்கார்ந்தால் சத்தம் வராது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு காலைப்பொழுது முழுக்கப் பிடித்தது. அடையாறு காந்தி நகரில், தூங்குமூஞ்சி மரத்தின் கிளை ஜன்னல் கம்பியைத் தொடும் ஒரு மாடி வீட்டில், அந்த நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் என் வேலையாக இருந்தது. எனக்கு எதிரே கொஞ்சம் தள்ளி, மடிக்கணினியின் முன்னால் ஒரு கொரியப் பெண் உட்கார்ந்திருப்பார். அவர் விளையாடுவார். அவர் ஒழுங்காக விளையாடுகிறாரா என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். மணிக்கணக்கில் ஒரே அறையில் இருந்தும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளக் கூடாது என்பது விதி.

நான் செஸ் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறவன். தி. நகர் கல்யாண மண்டபங்களிலும் மயிலாப்பூர் பள்ளிக்கூடங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகள் செஸ் ஆடும்போது, கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு மேசைகளுக்கு நடுவே நடப்பவர்களில் ஒருவன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரத்தில் இருந்தோம். குடிசைகளை எடுக்கச் சொன்ன பிறகு பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனோம். மாநகராட்சிப் பள்ளியில் ஒரு வாத்தியார் வாங்கிப்போட்ட செஸ் பலகைதான் என்னை இந்தக் கூடங்களுக்குள் கொண்டுவந்து விட்டது. உள்ளே வந்ததும் நான் முதலில் மாற்றிக்கொண்டது சட்டையை அல்ல, பேச்சை. யாரும் சொல்லவில்லை, நானாகவே பேச்சைத் துவைத்துக் காயப்போட்டேன்.

கோ என்கிற ஆட்டத்தைப் பற்றி அதுவரை எனக்கு ஒன்றும் தெரியாது. கறுப்புக் கல், வெள்ளைக் கல், கட்டம் போட்ட பலகை, யார் அதிக இடத்தை வளைக்கிறார்கள் என்பது கணக்கு. இவ்வளவுதான் இன்றைக்கும் தெரியும். சீனாவில் அதற்கு ஊர் ஊராக அணி வைத்து லீக் நடத்துகிறார்கள், நம்மூர் கிரிக்கெட் மாதிரி. ஓர் அணியில் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர் இருக்கலாம். நான் மேடம் என்று கூப்பிட்ட அந்தக் கொரியப் பெண் அப்படி ஓர் அணிக்கு எடுக்கப்பட்டவர். கல்யாணமாகி, கார் தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கும் கணவரோடு சென்னைக்கு வந்தார். வந்த வேகத்தில் நோய்க்காலம் வந்து சீனாவின் கதவுகள் மூடிக்கொண்டன. அதனால் வெளிநாட்டுக்காரர்கள் அவரவர் வீட்டிலிருந்தே கணினியில் ஆடலாம், பக்கத்தில் ஒரு நடுவர் இருக்க வேண்டும் என்று ஏற்பாடானது. உலகத்தின் பெரிய ஆட்டக்காரரைவிட இப்போது கணினி நன்றாக ஆடுகிறதல்லவா, ஏமாற்ற ஒரு கைப்பேசி போதும். ஆட்டம் தெரியாத நடுவர் என்றால் இன்னும் நல்லது என்றார்களாம். எங்கள் சங்கத்துப் பெரியவர், மயிலாப்பூர்க்காரர், என்னைக் கூப்பிட்டார். “கோன்னா என்னன்னு தெரியாட்டா என்னடா? உக்காண்டு பார்த்துண்டிருக்கத் தெரியுமோல்லியோ?” என்றார். தெரியும் என்றேன்.

ஆட்டத்துக்கு முன் நான் அறையைச் சோதிக்க வேண்டும். மேசைக்கு அடியில் குனிந்து பார்ப்பேன். குளியலறைக்குள் போய் வருவேன். இரண்டு கைப்பேசிகளையும், அவருடையதும் என்னுடையதும், ஓர் உறையில் போட்டு ஒட்டுவேன். கடைசியாக, உள்ளே கருவி ஏதும் ஒளித்துவைக்கவில்லையே என்று அவர் காதுகளைப் பார்க்க வேண்டும். முதல் நாள் அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நின்றேன். அவரே தலைமுடியை ஒதுக்கி, இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை திரும்பிக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்து, “இன்னா சார், ஓகேவா?” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் அம்மாவின் பேச்சு. மேடம் அதை வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் கற்றுக்கொண்டிருந்தார். இந்த ஊரில் அவரோடு பேசுவதற்கு இருந்த ஒரே ஆள் அந்த அக்காதான். கணவர் விடியும் முன்பே கம்பெனி வண்டியில் ஸ்ரீபெரும்புதூர் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். நான் ஆங்கிலத்தில் நன்றி சொன்னேன். சமையலறை வாசலில் நின்ற அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகொரு நாள் லிப்டில், எந்த ஏரியா என்று விசாரித்தார். சொன்னேன். அவரும் எங்கள் குடியிருப்பில்தான், நாலைந்து பிளாக் தள்ளி. “அப்புறம் இன்னாத்துக்கு சார் டிவி நியூஸ் மாதிரி பேசுற?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் குப்பைக் கவரை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

முதல் ஆட்டத்தில் மேடம் தோற்றார். தோற்றதுகூட எனக்கு உடனே தெரியவில்லை. மவுஸைச் சொடுக்கினார், தலை குனிந்தார், அவ்வளவுதான். திரையின் மூலையில் எதிராளியின் முகம் தெரிந்துகொண்டிருந்த சின்னப் பெட்டி கறுத்துப்போனது. அணிக்காரர்கள் எல்லாரும் ஒரே ஊரில் ஒரே கூடத்தில் இருந்தார்கள். அவர்களுடைய பெட்டியும் மூடிக்கொண்டது. நான் நேரத்தைக் குறித்து, கையெழுத்து வாங்கி, உறையைக் கிழித்துக் கைப்பேசியைக் கொடுத்தேன். கிளம்பலாம் என்று எழுந்தபோது, அவர் உள்ளறையிலிருந்து ஒரு கனமான மரப்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். ஆட்டம் நடக்கும்போது இன்னொரு பலகை பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதால் அதைப் போர்வை போட்டு மூடி வைத்திருந்தார். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியை எடுத்துப் பலகைக்கு அந்தப் பக்கம் போட்டார். “உக்காரு சார்” என்றார்.

அவர்கள் வழக்கம் அது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் அதே கல்லை அதே இடத்தில் மறுபடி வைத்து, எங்கே என்ன நினைத்தோம் என்று பேச வேண்டும். ஜெயித்தவர், தோற்றவர் இரண்டு பேரும். அதோடு அவர் சின்ன வயதில் தங்கிப் படித்த பயிற்சிக்கூடத்தில் இன்னொன்றும் பழக்கியிருந்தார்கள்: தோற்றவர் போதும் என்று எழும்வரை ஜெயித்தவர் எழக் கூடாது. இதையெல்லாம் ஆங்கிலமும் தமிழும் கலந்து சொன்னார். கணினியில் அது நடப்பதில்லை. முடிந்த நொடியில் எதிராளி மறைந்துவிடுகிறாள். எனக்குப் பலகையில் எது எந்தப் பக்கம் என்றே தெரியாது என்றேன். பரவாயில்லை என்று வெள்ளைக் கற்கள் இருந்த கிண்ணத்தை என்னிடம் நகர்த்தி, ஓர் இடத்தைக் காட்டினார். நான் கல்லை எடுத்துக் கட்டத்துக்குள் வைத்தேன். செஸ் ஆடியவன் வேறெங்கே வைப்பான்? அவர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. விரலால் கல்லை மெல்லத் தள்ளி, கோடுகள் சேரும் இடத்துக்குக் கொண்டுபோனார். “வூட்டுக்குள்ள இல்ல சார். ரோடு சேர்ற எடத்துல.”

அதன் பிறகு ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பின்னும் நான் எதிராளியானேன். அவர் காட்டும் இடத்தில் கல்லை வைப்பேன். பாதியில் நிறுத்தி, “இங்க ஏன் வந்த?” என்று கேட்பார். என்னிடம் பதில் இருக்காது. கொஞ்ச நேரம் காத்திருந்து, நான் ஏதோ சொல்லிவிட்டதைப் போலத் தலையாட்டிக்கொண்டு அடுத்த கல்லுக்குப் போவார். அவர் தோற்ற நாட்களில் ஜெயித்தவரின் இடத்தில் நான் இருப்பேன் அல்லவா, அவர் எழும்வரை எழ மாட்டேன். கீழே இஸ்திரி வண்டிக்காரர் பெட்டிக் கரியைத் தட்டி அணைக்கும் சத்தம் கேட்கும். குக்கர் அடங்கும். வெயில் தரையில் நகர்ந்து சுவரில் ஏறும். பசிக்கும். ஆனாலும் அந்தப் பொழுதுகளை நான் வேலை என்று நினைத்ததில்லை. என்னை யாரும் அப்படி எதிரே உட்காரவைத்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று பொறுமையாகக் கேட்டதில்லை.

ஒரு நாள் பலகையின் ஓரத்தில் தனியாகக் கிடந்த என் வெள்ளைக் கல்லைத் தொட்டு, வழக்கம்போல “இங்க ஏன் வந்த?” என்றார். அன்று என் வாயில் பதில் வந்துவிட்டது. “வேற போறதுக்கு எடம் இல்ல மேடம்” என்றேன். நியூஸ் தமிழில் இல்லை, அம்மாவிடம் பேசுகிற மாதிரி. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். “ஆமா சார், அதுக்கு எடம் இல்ல” என்றார். சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது.

கடைசி ஆட்டத்தன்று காலை அக்கா என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். அன்று ஜெயித்தால் அணி மேடத்தை வைத்துக்கொள்ளும், எல்லையும் திறக்கப்போகிறது, அடுத்த பருவத்துக்கு அங்கேயே வரச் சொல்லிவிடுவார்கள். தோற்றால் அந்த இடத்துக்கு வேறு நாட்டுப் பெண் ஒருத்தி தயாராக இருக்கிறாள். மேடம் ராத்திரி சாப்பிடவில்லையாம். “ஜெயிச்சா பூடும் சார். தோத்தா இங்கியே கெடக்கும், சாமான் கழுவிக்கினு. நீ இன்னா நெனைக்கிற?” என்றார். நடுவர் எதுவும் நினைக்கக் கூடாது அக்கா என்றேன். “நெனைக்காத. ஆனா மூஞ்சில எழுதி வெச்சிக்கினு உள்ள போவாத.”

அவர் சொன்னது சரிதான். ஆனால் எது நடந்தாலும் அந்த வீட்டில் என் வேலை அன்றோடு முடிகிறது என்பதை நான் லிப்டில் ஏறும்போதுதான் யோசித்தேன். தோற்றால் மேடத்துக்கு நடுவர் தேவையில்லை. ஜெயித்தால் அவரே இருக்க மாட்டார். அவர் காதுகளைக் காட்டினார், நான் உறையை ஒட்டினேன். இடப்பக்கம் எடையைப் போட்டு உட்கார்ந்தேன். ஆட்டம் நீண்டது. திரையில் எனக்கு ஒன்றும் புரியாது என்பதால் அவர் கழுத்தையும் கையையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவில் அவர் கை மேசையின் விளிம்பைப் பிடித்தது. பிறகு விட்டது. அரைப் புள்ளியில் ஜெயித்திருந்தார். செஸ்ஸில் அரைப் புள்ளி என்றால் சமன். இரண்டு பேரும் கைகுலுக்கிவிட்டுப் போகலாம். இங்கே அரைப் புள்ளி முழு வெற்றி.

பலகை வந்தது. நான் எதிரே உட்கார்ந்தேன். கற்களை ஒன்றுவிடாமல் வைத்தோம். பேச வேண்டியதெல்லாம் பேசியாயிற்று. பலகை நிறைந்து கிடந்தது. அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் இருந்தேன். மேசையில் அவர் கைப்பேசி அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது. அணியிலிருந்து கூப்பிடுகிறார்கள், எத்தனையோ மாதங்கள் அவர் காத்திருந்த அழைப்பு. அவர் அதைத் தொடவில்லை. அக்கா எட்டிப் பார்த்து, “இன்னா மேடம், போன் அடிச்சிக்கினே கீது” என்றார். மேடம் என்னைப் பார்க்காமலே, “சார் இன்னும் எந்திரிக்கல அக்கா” என்றார்.

அப்போதுதான் உறைத்தது. அன்று தோற்றவரின் நாற்காலி என்னுடையது. நான் எழுந்தால்தான் அவர் எழ முடியும். இன்னும் கொஞ்ச நேரம் இருந்தாலும் அவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். கைப்பேசி மூன்றாவது முறை அதிரத் தொடங்கியது. “போதும் மேடம்” என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவரும் எழுந்து, அவர்கள் வழக்கப்படி இடுப்பை வளைத்து எனக்கு வணக்கம் சொன்னார். பிறகு கைப்பேசியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். நான் வெள்ளைக் கற்களை வெள்ளைக் கிண்ணத்திலும் கறுப்பைக் கறுப்பிலும் பிரித்துப் போட்டேன்.

மேடம் போன கொஞ்ச காலத்தில் கணவருக்கும் மாற்றலாகி வீட்டைக் காலி செய்தார்கள். மீந்த சாமான்களை அக்காவுக்குக் கொடுத்திருந்தார்கள். அதில் அந்த நாற்காலியும் இருந்தது. அக்கா அதை ஆட்டோவில் ஏற்றி எங்கள் பிளாக் வாசலில் இறக்கிவைத்து, “இது உனுது சார். எனக்கு இது கத்துற சத்தம் ஆவாது” என்றார். தச்சரிடம் காட்டினால் ஒரு துண்டு வைத்துக் காலைச் சரிசெய்துவிடலாம். நான் இன்னும் காட்டவில்லை.

லீக் நடக்கும் நாட்களில் அவர் ஆட்டத்தைக் கைப்பேசியில் பார்க்கிறேன். ஸ்டூலில் கைப்பேசியைச் சாய்த்துவைத்து, நாற்காலியில் இடப்பக்கம் எடையைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். இங்கே சத்தம் வந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, பழக்கம்தான். இப்போது அவருக்கு எதிரே நிஜமாகவே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். முடிவு வந்ததும் ஒளிபரப்பை நிறுத்திவிடுகிறார்கள். கடைசியாகத் தெரிவது இரண்டு தலைகள் பலகையின் மேல் குனிவதும், அணிக்காரர்கள் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு சுற்றிவருவதும். அதற்குப் பிறகு என்ன பேசினார்கள், யார் முதலில் எழுந்தார்கள் என்று தெரிய வழியில்லை. போன வாரம் அவர் ஜெயித்தார். திரை கறுத்த பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அம்மா தட்டோடு வந்து நின்றார். “ஆட்டம்தான் முடிஞ்சிபோச்சே நைனா, இன்னும் இன்னாத்துக்குக் குந்திக்கினு கீற? எந்திரி, சோறு ஆறுது.”

எழுந்தேன். நாற்காலி கத்தியது.