சீனிக்கு வீடு தேடப் போன மாலை

கல்லடிப் பாலத்தில் பின்னேரக் காற்றை எதிர்த்துக்கொண்டு வரும் ஒரு ஸ்கூட்டிதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. ஓட்டுவது என் அக்கா. பின்னால் அத்தான், இரண்டு கைகளையும் தன் தொடைமேல் வைத்து, பரீட்சை மண்டபத்தில் இருக்கும் பிள்ளையைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். அக்காவின் கால்களுக்கு நடுவே, கால் வைக்கும் பலகையில், மூக்கை வாவிப் பக்கம் நீட்டியபடி சீனி. அது சாதாரண ஊர்நாய். மண்ணிறம், ஒரு காது மட்டும் எழும்பி நிற்கும். அத்தானுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என்று டொக்டர் சொன்ன கிழமையில் அந்தக் குட்டி வாசல் படலைக்குள் வந்து நின்றதாம். "வீட்டுல சீனி வைக்கப்படாதெண்டுதானே சொல்லியிருக்கு, இந்தச் சீனி இருந்தித்துப் போகட்டும்" என்று அக்கா அதற்குப் பெயர் வைத்துவிட்டாள். அத்தானை யாரும் கேட்கவில்லை. பொதுவாக அந்த வீட்டில் அத்தானை யாரும் எதுவும் கேட்பதில்லை. அதில் அவருக்கு ஒரு நிம்மதியும் இருந்தது.

மட்டக்களப்பு பெரிய நகரம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் பின்னேரம் உடுத்திக்கொண்டு வெளியே போய் எதையாவது சாப்பிட்டு, நாலு பேரைப் பார்த்துவிட்டு வருவதற்கு எங்களுக்கும் இடங்கள் இருக்கின்றன. வாவிக்கரையில் வரிசையாகக் கதிரை போட்ட கடைகள், கடற்கரையில் இறால் வடை, கொத்து, ஐஸ்கிறீம். அக்காவும் அத்தானும் இந்த இன்பங்களை ஒன்று விடாமல் அனுபவித்தவர்கள். ஆனால் அக்காவிடம் ஒரு சட்டம் இருந்தது. போனால் மூன்று பேரும் போவது, இல்லையென்றால் ஒருவரும் போவதில்லை. நாயை உள்ளே விடமாட்டோம் என்று சொல்லும் கடைக்காரரிடம் அவள் சண்டை பிடிப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவள் அல்லவா, நிதானமாகக் கேட்பாள். "உள்ள வேணாம் தம்பி, வெளிய காத்து வாற இடத்துல ஒரு மேசை போடேலுமா?" மேசை வரும். மேசைக்குக் கீழே சீனியும் போகும். இப்போது நகரத்தில் சில கடைகள் நாயோடு வருபவர்களுக்கென்றே வெளியில் இடம் ஒதுக்கி, தண்ணீர்க் கோப்பையும் வைக்கின்றன. அதைக் காணும்போதெல்லாம், இதைப் பார்க்க அக்கா இல்லையே என்று எனக்குக் கோபம்தான் வருகிறது. யார்மேல் கோபம் என்று கேட்டால் தெரியாது.

அக்காவின் சாவு சடுதியானது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. முப்பத்தோராம் நாள் வரைக்கும் வீடு நிறையச் சனம். அது முடிந்ததும் அக்காவின் மகள் கனடாவுக்குத் திரும்பினாள். வீட்டில் அத்தானும் சீனியும் மிஞ்சினார்கள். எங்கள் ஊர் வழக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். அம்மா அக்காவுக்குக் கொடுத்த வீடு, இப்போது அக்காவின் மகளுக்கு. இவ்வளவு காலம் அதைப் பற்றி யோசிக்காத அத்தான், திடீரென்று, "நான் மகள்ட வீட்டுல இருக்கிறன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லத் தொடங்கினார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல முன் விறாந்தைக் கதிரையின் நுனியில் இருப்பார்.

எங்கள் வீடு நாவற்குடாவில். மத்தியானச் சோற்றைக் கரியரில் கட்டி என் கணவரிடம் கொடுத்தனுப்புவேன். அவர் அதைப் படலையில் மாட்டிவிட்டுத் தன் அலுவலுக்கு ஓடுவார். பின்னேரம் கரியர் கழுவித் துடைத்து வெறுமையாக வரும். மனுசன் நன்றாகச் சாப்பிடுகிறார் என்று நான் என் கைப்பக்குவத்தை மெச்சிக்கொண்டேன். சில மாதம் கழித்து ஒருநாள் நேரில் போனபோதுதான் கண் திறந்தது. அத்தானின் காற்சட்டை இடுப்பில் கயிறு கட்டி நின்றது. சீனியோ நடக்க முடியாமல் வயிற்றை ஆட்டி ஆட்டி வந்து என்னை வரவேற்றது. மீன் குழம்பும் சொதியும் எங்கே போயின என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை. "என்னத்தான் இது?" என்றேன். "தொண்டைக்குள்ள இறங்குதில்ல மச்சாள். எறிஞ்சா பாவம்" என்றார். தேநீரும் பிஸ்கற்றும்தான் அவருக்குச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டின்மேல் சீனி வருத்தத்துக்கான குளிசையை மட்டும் நேரம் தவறாமல் விழுங்கியிருக்கிறார். அடுத்த கிழமையே கிணற்றடியில் மயங்கி விழுந்தார். சீனி குரைத்த குரைப்பில் அயலவர்கள் ஓடி வந்ததால் தப்பினார்.

மகள் அன்றே முடிவெடுத்துவிட்டாள். தொலைபேசியில் அவள் குரல் அச்சொட்டாக அக்காவின் குரல். "அப்பாவ நான் இங்க கனடாவுக்குக் கூப்பிடப் போறன் சின்னம்மா. இனித் தனிய விட ஏலாது. சீனிக்கு மட்டும் ஒரு நல்ல இடம் பார்த்துக் குடுங்க." அவள் சொன்னதில் எந்தப் பிழையும் இல்லை. தகப்பன் பட்டினி கிடந்து சாவதை அவள் அங்கே இருந்து பார்த்துக்கொண்டிருப்பாளா? ஆனால் சீனியும் இல்லாமல், தெரியாத ஊரில், பனியைப் பார்த்துக்கொண்டு ஒரு அறைக்குள் அத்தான் இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அத்தானிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. "மகள் சொன்னாச் சரிதான்" என்றார். அவர் சண்டை பிடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் நாய்க்கு வீடு தேடினேன். எங்களிடம் ஏற்கெனவே இரண்டு பூனைகள். அவை சீனியைக் கண்டால் கூரையை விட்டு இறங்காது. செட்டிபாளையத்தில் ஒரு சொந்தக்காரர், காவலுக்கு என்றால் சங்கிலியில் கட்டி வைக்கிறோம் என்றார். ஸ்கூட்டியில் காற்று வாங்கிய நாயைச் சங்கிலியில் கட்டுவதா? வேண்டாம் என்றுவிட்டேன். அப்போதுதான் மகளே ஒரு விளம்பரத்தை எனக்கு அனுப்பினாள். கல்லடிக் கடற்கரையில் இளைஞர்கள் சேர்ந்து ஒரு பின்னேர விழா வைக்கிறார்களாம். சாப்பாட்டுக் கடைகள், பாட்டு, எல்லோரும் நாயோடு வரலாம், வீடில்லாத நாய்களுக்கு வீடு தேடிக் கொடுக்கும் கொட்டில் ஒன்றும் உண்டு. "அங்க கொண்டு போங்க சின்னம்மா, நாயில விருப்பமான ஆக்கள்தானே வருவாங்க" என்றாள்.

அத்தான் நாயைக் கொடுக்கச் சம்மதித்தார். விழாவுக்குப் போகத்தான் மறுத்தார். "ஆண்டு முடியல்லையே மச்சாள். கொண்டாட்டத்துக்கு நான் எப்படிப் போற?" சாவு வீட்டார் ஆண்டுத் திவசம் முடியும்வரை கொண்டாட்டம் எதிலும் தலை காட்டக் கூடாது. அக்கா இருந்தால் இந்தக் கட்டுப்பாட்டைப் பார்த்துச் சிரித்திருப்பாள். அத்தான் அப்படியில்லை. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்த காலத்திலும், மேலிடத்து அனுமதி வராமல் ஒரு வாய்க்கால் கதவைத் திறந்த மனிதர் அல்ல அவர். நான் மட்டும் நாயைக் கொண்டு போகலாம் என்று பார்த்தால், சீனி என்னோடு படலையைத் தாண்ட மறுத்து மண்ணில் படுத்துவிட்டது. கடைசியில், மேலிடத்து அனுமதி என்று ஒன்று இருந்தால் அதையும் எடுத்துவிடுவோம் என்று, அத்தானை இழுத்துக்கொண்டு எங்கள் கோயில் வண்ணக்கரிடம் போனேன். கோயில் நிர்வாகம் பார்ப்பவர் வண்ணக்கர். ஊரில் எது செய்யலாம், எது செய்யக் கூடாது என்பதற்கு அவர் வாய்தான் சட்டம்.

வண்ணக்கர் வெற்றிலையை மென்றுகொண்டே முழுக்கதையையும் கேட்டார். அத்தானின் இடுப்பில் இருந்த கயிற்றையும் பார்த்தார். பிறகு எழும்பிப் போய்த் துப்பிவிட்டு வந்து சொன்னார். "நீங்க கொண்டாட்டத்துக்குப் போகப்படாது. அது சரி. ஆனா ஆரு போறது? நாய்தானே போகுது. நாய்க்கு ஆண்டும் இல்ல, துடக்குத் தீட்டும் இல்ல. நீங்க கயித்தப் பிடிச்சித்துப் பின்னால போங்க." அத்தான் உறுதிப்படுத்திக்கொள்ளக் கேட்டார். "அப்ப நான் போற எண்டு ஆகாது?" "ஆகாது." அத்தானின் முகத்தில் அனுமதி கிடைத்த உத்தியோகத்தரின் திருப்தி தெரிந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவதுபோல் நடிக்க வேண்டியிருந்தது.

அந்தப் பின்னேரம் ஓட்டோவில் போனோம். அத்தான் கயிற்றைப் பிடித்தபடி, சொன்ன சொல் தவறாமல், சீனிக்கு ஓரடி பின்னாலேயே நடந்தார். கடற்கரை நிறையச் சனமும் நாய்களும். சட்டை போட்ட நாய், சின்னப் பிள்ளையைப் போல இடுப்பில் தூக்கி வந்த நாய், மற்ற நாய்களைக் கண்டு தன் எசமானின் காலுக்குள் ஒளிந்த மிகப் பெரிய நாய். அத்தானின் மற்றக் கையில் ஒரு பை இருந்தது. எட்டிப் பார்த்தேன். அக்கா வெளியே போகும்போது சீனிக்கென்று கொண்டுபோகும் நீலத் தட்டு. கடைத் தட்டில் நாய்க்குச் சாப்பாடு வைக்கக் கூடாது என்பதில் அவள் கண்டிப்பானவள். நாயோடு சேர்த்துக் கொடுக்கச் சீதனம் கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

கொட்டிலுக்குப் போகும் வழியில் ஒரு கடையில் இருந்து, "சேர்! எங்க சேர் இவ்வளவு நாளா?" என்று ஒரு குரல். காத்தான்குடி நானா ஒருவர். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். வாவிக்கரையில் பராட்டாவும் சுட்ட இறைச்சியும் போடுபவர். அன்றைக்குக் கடற்கரையில் கடை போட்டிருந்தார். நாயின் எச்சில் பட்டால் அவருக்குக் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும் என்பதால், அக்காவும் அவரும் முன்பே ஒரு ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். மேசையின் கடல் பக்கம் நாய்க்கு, கடைப் பக்கம் நானாவுக்கு. "அக்கா எங்க?" என்று அவர் எங்களுக்குப் பின்னால் தேடினார். அத்தான், "அவ மோசம் போயித்தா நானா" என்றார். சாவைச் சொல்லும் அந்தச் சொல்லை அத்தான் தன் வாயால் சொல்லி அன்றுதான் நான் கேட்டேன். நானா கையைத் துடைத்துக்கொண்டு ஏதோ மெல்ல ஓதினார். பிறகு ஒரு மேசையைத் தூக்கிக் கடல் பக்கம் போட்டார். "இரிங்க சேர்" என்றார்.

நாங்கள் சாப்பிட வரவில்லை என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் பராட்டாவும் இறைச்சிக் கறியும் வந்துவிட்டன. சீனிக்கு உப்பு, மிளகாய்த்தூள் போடாமல் அவித்த மீனும் வந்தது. அத்தான் அதை நீலத் தட்டில் போட்டு மணலில் வைத்தார். சீனி தொடவில்லை. தட்டுக்கு முன்னால் குந்திக்கொண்டு, வாயில் எச்சில் ஒழுக, அத்தானையே பார்த்தது. வீட்டில் எதைப் போட்டாலும் விழுங்கும் நாய்! அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெளியே போனால் மனிதர்கள் தொடங்கிய பிறகுதான் அது வாய் வைக்க வேண்டும் என்று அக்கா பழக்கியிருந்தாள். "சாப்பிடு சீனி" என்றார் அத்தான். அது வாலை ஒருதரம் ஆட்டிவிட்டு மறுபடியும் பார்த்தது. "நான் சாப்பிடல்லடி, நீ தின்." சீனி அசையவில்லை. நான் என் பங்குக்கு ஒரு துண்டைப் பிய்த்துத் தின்று காட்டினேன். அது என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அத்தான் பராட்டாவில் ஒரு சின்னத் துண்டைப் பிய்த்தார். கறியில் தொட்டார். வாயில் வைத்து மெல்ல மென்றார். சீனி மீனில் பாய்ந்தது. அவர் நிறுத்தியதும் அதுவும் தலையைத் தூக்கியது. "கரைச்சல் பிடிச்ச நாய்" என்று சொல்லிக்கொண்டு அடுத்த துண்டை எடுத்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. ஆனால் கை நிற்கவில்லை. நாயின் தட்டு வெறுமையான பிறகும் நிற்கவில்லை. பிறகு தலையைத் திருப்பி, "நானா, கறி இன்னும் கொஞ்சம்" என்றார். நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இத்தனை மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிப் போனதை நன்றாக உணர்ந்தேன். அழுகையும் வந்தது, பசியும் வந்தது.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, வீடு தேடிக் கொடுக்கும் கொட்டிலில் நின்ற பிள்ளை ஒருத்தி எங்களிடம் வந்தாள். மகள் முதலே அவளோடு கதைத்து வைத்திருக்கிறாள். "அங்கிள், குடுக்கிறதுக்கெண்டு கொண்டு வந்த நாய் இதுதானே?" என்று குனிந்து சீனியின் தலையைத் தடவினாள். நான் அத்தானைப் பார்த்தேன். அவர் நீலத் தட்டை மணல் போகக் கழுவி, துடைத்து, பைக்குள் வைத்தார்.

"இல்ல பிள்ள, நாங்க சாப்பிட வந்த ஆக்கள்" என்றார்.

என் கைத்தொலைபேசியில் மகளின் செய்தி வந்து கிடந்தது: "குடுத்தாச்சா சின்னம்மா?" என்ன எழுதுவது என்று தெரியாமல், "அப்பா சாப்பிட்டார்" என்று மட்டும் எழுதினேன். அடுத்த நிமிடமே அழைப்பு வந்தது. "உண்மையாவா?" என்று கேட்டுவிட்டு அவள் அழத் தொடங்கினாள். நான் அத்தானிடம் கொடுத்தேன். அவர் மகளின் அழுகை முடியும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக யாரிடமும் அனுமதி கேட்காமல் சொன்னார்.

"டிக்கட் போடாத மகள். உன்ட வீட்ட நானும் சீனியும் பார்த்துக்குவம்."