ஞாயித்துக்கிழமை கல்யாணம், சனிக்கிழமை மண்டபம்

காலையிலேயே ஹட்டன் கல்யாண மண்டபத்து மேனேஜர் அண்ணன் போன் எடுத்தாரு.

"தம்பி, ஞாயித்துக்கிழமை விடிய அஞ்சு மணி முகூர்த்தம். நீங்க செஞ்சு குடுத்த புக்கிங் சிஸ்டம் சனிக்கிழமைனு காட்டுது. ஞாயிறு சும்மா கெடக்குனு இன்னொரு வீட்டுக்குக் குடுக்கப் பாத்தேன்!"

உடனே லேப்டாப்பத் தொறந்து பாத்தேன்.

ஜாவா புரோகிராம்ல தேதியையும் நேரத்தையும் ஒண்ணா கட்டி, கிரீன்விச் நேரத்துல டேட்டாபேஸ்ல போட்டிருந்தேன். அது நமக்கு அஞ்சரை மணித்தியாலம் பின்னால; நமக்கு ஞாயிறு விடிய அஞ்சு மணின்னா, அங்க சனி ராத்திரி பதினொன்றரை. இதுவரைக்கும் எல்லாம் ஒம்பது மணி முகூர்த்தம், அதான் மாட்டல.

கிரீன்விச்சுக்கு மாத்தாம, தேதிய LocalDate, நேரத்தை LocalTime ஆக்கி, தனித்தனி கட்டத்துல போட்டேன்.

"ஞாயித்துக்கிழமையே வந்துருச்சு தம்பி!"

அப்பாடா.

எனக்குப் பொண்ணு பாக்குற அம்மாகிட்ட சொல்லிட்டேன்: ஜாதகம் எப்படி இருந்தாலும் பரவால்ல, முகூர்த்தத்த மட்டும் அஞ்சரைக்குப் பொறகு வைங்க.