மகுடேஸ்வரன் பாஸ் பண்ணிய ஓட்டல்

பேருந்தில் முன் இருக்கைக்காரரின் டீ-ஷர்ட் கழுத்தை இரண்டு விரலால் பிடித்து மெல்லத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார் மகுடேஸ்வரன். அந்த மனிதர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"ஒண்ணுமில்லீங்க. கழுத்துல ரெண்டு தையல் உட்டுப்போயிருக்குதுங்க. நாலு தொவைக்குத் தாங்காது. சொல்லி வைக்கலாம்னுதானுங்க."

அவிநாசிபாளையத்தில் ஏறித் திருப்பூரில் இறங்குவதற்குள் இப்படி இரண்டு பேருடைய நிம்மதியையாவது கெடுத்துவிடுவார். இதுவரை யாரும் அவரை அடித்ததில்லை. அவ்வளவு பணிவாகச் சொல்லுவார்.

வயது ஐம்பத்தைந்து. ஏற்றுமதிப் பனியன் கம்பெனி ஒன்றில் முப்பத்தொரு வருடமாகத் தரம் பார்க்கும் வேலை. பெட்டியில் அடுக்கிய சரக்கில் கைக்கு வந்ததை உருவி, அளந்து, இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, குறைகளை மூன்று வகையாகப் பிரிப்பார். நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் மைனர். தையல் பிரிந்தால் மேஜர். உடைந்த ஊசி முனை துணிக்குள் கிடந்தால் கிரிட்டிக்கல். அந்தச் சரக்கு கப்பல் ஏறாது. கம்பெனிக்கு வெளியே வந்த பிறகும் இந்தப் புத்தி அவரை விடுவதில்லை. போன மாதம் ஒரு கல்யாணத்தில் மேடை அலங்காரத்தை மைனர் என்றார், மாப்பிள்ளையின் மீசையை மேஜர் என்றார். மனைவி இந்துமதி சுடும் தோசை முப்பது வருடமாகப் பாஸ் ஆகாமல் ஆல்ட்ரேஷனில்தான் இருக்கிறது. "அவுரு எங்கீங்க சாப்பிடறாரு? செக்கிங் பண்ணிப்போட்டு எந்திரிக்கறாரு" என்று இந்துமதி அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறார்.

இப்பேர்ப்பட்டவரின் சொந்தக் குடும்பத்திலேயே ஒரு கிரிட்டிக்கல் ஒன்பது வருடமாகத் தீராமல் கிடந்தது.

அண்ணன் லிங்கசாமிக்கு அறுபத்து நான்கு வயது. நாற்பது மெஷின் போட்டுச் சொந்தமாகக் கம்பெனி நடத்துகிற முதலாளி. அக்கா மாரக்காள், சோமனூரில் தறி ஓட்டும் ஆத்தப்பனுக்கு வாழ்க்கைப்பட்டவர். லிங்கசாமியின் மகன் தரணீதரன் கல்யாணத்தில், மூன்றாவது பந்தியில், ஆத்தப்பன் ரசம் கேட்டார். 'இதா வந்துருச்சுங்க' என்று சொல்லிப் போன ஆள் போனவர்தான். சோற்றில் குழி பறித்து வைத்துக்கொண்டு ஆத்தப்பன் காத்திருந்தார். பக்கத்து இலைக்காரர்கள் மோரும் முடித்து எழுந்துவிட்டார்கள். இவருக்குக் கை காய்ந்தது. எழுந்தார், கழுவினார், காரை எடுத்துக்கொண்டு சோமனூர் போய்ச் சேர்ந்தார்.

"மண்டபத்துல ஆயரத்தி எரநூறு பேரு உண்டாங்க. என்ற ஊட்டுக்காரருக்கு மட்டும் ரசம் இல்ல" என்றார் மாரக்காள்.

"ஆயரத்தி எரநூறு பேர்ல ஒருத்தருக்கு வரலீன்னா, நானா கரண்டி புடிச்சேன்?" என்றார் லிங்கசாமி.

சண்டை இவ்வளவுதான். அன்றிலிருந்து நல்லது கெட்டதுக்கு இரண்டு வீட்டாரும் முறை தவறாமல் வந்து, மொய் வைத்து, வயிறு சரியில்லை என்று சொல்லிச் சாப்பிடாமல் கிளம்பினார்கள். விசேஷ நாளில் மட்டும் கெட்டு, மறுநாள் காலை தானாகச் சரியாகிற வயிறு இரண்டு குடும்பத்துக்கும் வாய்த்திருந்தது.

மகுடேஸ்வரன் இந்தக் கோளாறை முறைப்படி ஆராய்ந்தார். பேரக் குழந்தைகள்தான் ஓட்டை என்று கண்டுபிடித்தார். சேர்ந்து உட்கார வேண்டிய நேரம் வந்தால், அண்ணி பழனாயி பேத்திக்கு ஊட்டுகிறேன் என்று ஒரு மூலைக்குப் போவார். அக்கா பேரனைத் தூங்க வைக்கிறேன் என்று இன்னொரு மூலைக்குப் போவார். ஆகவே குழந்தை குட்டி கூடாது. யார் வீடாகவும் இருக்கக் கூடாது, வீடு என்றால் அங்கே ஒருவர் விருந்தாளி ஆகிவிடுவார். கோபித்துக்கொண்டு கிளம்பினால் பஸ் கிடைக்கக் கூடாது. எல்லாம் பொருந்திய இடம் ஒன்றுதான்: கோவையைத் தாண்டி, மெயின் ரோட்டை விட்டு நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருந்த பொழுதுபோக்குப் பூங்கா. மூன்று தம்பதிகள், ஒரே வேன்.

"பெரியவங்க மட்டும்னா..." ஆத்தப்பன் போனில் குரலைத் தாழ்த்தினார். "அது என்ன மாதிரி எடமுங்க மாப்ள?"

"ராட்டினம் சுத்தற எடம்தானுங்க மாமா."

"அவ்வளவுதானுங்களா?" என்றார் ஆத்தப்பன். குரலில் லேசான ஏமாற்றம் இருந்ததாக மகுடேஸ்வரனுக்குப் பட்டது.

அக்காவிடம், அண்ணன் வரச் சம்மதித்துவிட்டார் என்றார். அண்ணனிடம், அக்கா சம்மதித்துவிட்டார் என்றார். வாழ்க்கையில் அவர் தெரிந்தே வெளியே அனுப்பிய முதல் குறைச் சரக்கு இந்தப் பொய்தான்.

மிச்சம் இருந்தது சாப்பாடு. பூங்காவுக்குள் விதவிதமாக ஐந்து ஓட்டல்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகுடேஸ்வரன் தன்னந்தனியாக நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஒரு ராட்டினத்தைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. காலை பதினொன்றிலிருந்து மாலை ஐந்து வரை ஐந்து ஓட்டல்களிலும் வரிசையாகச் சாப்பிட்டார்.

'குகை' என்ற ஓட்டலில் சிமெண்டுப் பாறைக்கு அடியில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. இலையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது மாமாவுக்குத் தெரியாது. இல்லாததை இருட்டில் அவர் இன்னும் அதிகமாகக் கற்பனை செய்துகொள்ளக்கூடும். கிரிட்டிக்கல். 'ஆழ்கடல்' ஓட்டலில் நாலு பக்கமும் கண்ணாடித் தொட்டி. மீன் வறுவல் வந்ததும், தொட்டிக்குள்ளிருந்த பெரிய மீன் ஒன்று நகராமல் நின்று அவர் தட்டையே பார்த்தது. மேஜர். 'மரவீடு' நாற்பத்திரண்டு படி. அக்காவின் முழங்காலை நினைத்துப் பாதியிலேயே இறங்கிவந்து கீழே ஒரு மேசை போடச் சொல்லிச் சாப்பிட்டார்.

'அரண்மனை' அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. சாம்பாரில் குறை சொல்ல முடியவில்லை. இரண்டு முறை முயன்று பார்த்தார். தலைப்பாகை கட்டிய பணியாளர்கள் குனிந்து குனிந்து பரிமாறினார்கள். பாஸ் என்று எழுதப் போகும்போதுதான் மேசையின் தலைமாட்டில் இருந்த சிம்மாசனத்தைக் கவனித்தார்.

"ஒரு மேசைக்கு ஒண்ணுதானுங்களா?"

"ஆமா சார், ராஜா சீட்டு."

"ரெண்டு போட முடியுங்களா?"

"ஒரு ராஜ்ஜியத்துக்கு ஒரு ராஜாதானே சார்" என்று மேனேஜர் சிரித்தார்.

"எங்க ஊட்டுல அப்படி இல்லீங்களே" என்று சொல்லிவிட்டு மகுடேஸ்வரன் எழுந்துவிட்டார்.

கடைசியாக 'ரயிலடி'. சின்னக் குழந்தைகளுக்காகவே கட்டிய ஓட்டல் அது. சமையலறையிலிருந்து தண்டவாளம் கிளம்பி மேசை மேசையாகப் போகிறது. மேசையில் இருக்கும் பலகையில் தொட்டு வேண்டியதைச் சொன்னால், முழங்கை உயர ரயில் ஒன்று கூவிக்கொண்டு கொண்டுவந்து நிறுத்துகிறது. பரிமாற ஆளே கிடையாது. மகுடேஸ்வரன் ரசம் மட்டும் நாலு தடவை வரவழைத்தார். நாலு தடவையும் வந்தது, ஒரு சொட்டுச் சிந்தாமல், அவர் நெஞ்சுக்கு நேர் எதிரே. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வண்டிக்கு மறதி கிடையாது. ஓரவஞ்சனை செய்ய இதற்குச் சொந்தபந்தம் கிடையாது. இதன்மேல் யார் என்ன கோபப்பட முடியும்?

பாஸ் என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார்.

குறித்த நாளில் வேன் கிளம்பியது. லிங்கசாமி முன் இருக்கையில், ஆத்தப்பன் கடைசி இருக்கையில். நடுவே பழனாயி, விட்டு வந்த பேத்தியின் படங்களைப் போனில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டே வந்தார். பூங்காவில் ஒருவரும் எதிலும் ஏறவில்லை. ஆறு பேரும் இரண்டு பெஞ்சுகளில் உட்கார்ந்து, மற்றவர்கள் தலைகீழாகத் தொங்குவதைச் சாவு வீட்டு முகத்துடன் பார்த்தார்கள். மகுடேஸ்வரன் மட்டும் நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒரு மணிக்கு ரயிலடி. மூத்தவர் என்ற மரியாதைக்கு லிங்கசாமியை மேசையின் தலைமாட்டில் உட்கார வைத்தார். மற்றவர்கள் இரண்டு பக்கமும். ஆத்தப்பன் கால்மாட்டில். பலகையில் ஒவ்வொருவருக்கும் வேண்டியதை இந்துமதி தொட்டார். முதல் ரயில் கூவிக்கொண்டு வந்தது. அதில் ஒரே ஒரு பண்டம்: ஆத்தப்பன் கேட்ட நெய் ரோஸ்ட், கோபுரம் போல நின்றுகொண்டு.

ரயில் நின்றது. லிங்கசாமிக்கு எதிரே நின்றது.

மகுடேஸ்வரனுக்கு அப்போதுதான் சுருக்கென்றது. அவர் சோதிக்க வந்த அன்று ஒரே ஆள், ஒரே நாற்காலி. ஆறு பேர் உட்கார்ந்தால் ரயில் யாருக்கு எதிரே நிற்கும், யார் எடுத்துக் கொடுப்பார்கள் என்று அவர் பார்க்கவில்லை. முப்பத்தொரு வருடத்தில் இப்படிப்பட்ட ஒரு தவறை அவர் பிறத்தியாரிடம்தான் கண்டுபிடித்திருக்கிறார்.

முதலாளியாக இருந்து பழகியவர் லிங்கசாமி. யாரோ வந்து எடுத்து வைப்பார்கள் என்று கையைக் கட்டிக்கொண்டு நெய் ரோஸ்ட்டைப் பார்த்தார். நெய் ரோஸ்ட்டும் அவரைப் பார்த்தது. அரை நிமிஷம் ஆயிற்று. ரயில் இன்னொரு தரம் கூவிவிட்டு, நெய் ரோஸ்ட்டோடு புறப்பட்டுப் போய்விட்டது.

மாரக்காள் மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பை மெல்ல இழுத்து மூடினார்.

"எனக்கு என்னமோ வயிறு ஒரு மாதிரி..." என்று ஆத்தப்பன் ஆரம்பித்தார்.

மகுடேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டார். நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. போகிறார்கள் என்றே நினைத்தார். நிமிர்ந்து பார்த்தால், எழுந்தவர் லிங்கசாமி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்டவாளத்தின் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தார்.

அறுபத்து நான்கு வயது மனிதர் பொம்மை ரயிலைத் துரத்துவதைப் பார்த்துச் சுற்றுமுற்றும் இருந்த பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி நின்று கை தட்டினார்கள். ரயில் ஒரு அட்டைக் குகைக்குள் நுழைந்து வெளியேறி நாலாவது மேசையில் நின்றது. அது ஒரு வடநாட்டுக் குடும்பம். அவர்களுடைய சின்னப் பெண் நெய் ரோஸ்ட்டை எடுத்து முனையைக் கிள்ளக் கையை வைத்துவிட்டாள்.

"கண்ணு, கண்ணு, அது எங்க மாப்பிள்ளைது" என்றார் லிங்கசாமி, மூச்சு வாங்க. பெண்ணுக்குப் புரியவில்லை. தன் கம்பெனியில் பீகார்ப் பையன்களிடம் பேசும் இந்தியை அவசரமாகத் தேடினார். "ஹமாரா மாப்பிள்ளை. ஹமாரா மாப்பிள்ளை கா."

ஓட்டல் முழுக்கக் கேட்டது. மாரக்காளுக்கும் கேட்டது. ஜிப்பின் மேல் இருந்த அவருடைய கை அப்படியே நின்றது.

லிங்கசாமி தட்டை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்து ஆத்தப்பன் முன்னால் வைத்தார். ஆத்தப்பன் அதை வெகுநேரம் பார்த்தார். முனை உடைந்திருந்தது. அந்த இடத்திலிருந்தே கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

"சட்னியக் காணமுங்களே மச்சான்" என்றார்.

மகுடேஸ்வரன் மறுபடி தலையைக் குனிந்துகொண்டார்.

"அடுத்த வண்டில வருமுங்க மாப்ள. நான் பாத்துக்கறேன்" என்றார் லிங்கசாமி. சொன்னவர் உட்காரவில்லை. தண்டவாளத்தை ஒட்டி நின்றுகொண்டார்.

அதன் பிறகு அந்த மேசைக்கு வந்த எந்த ரயிலும் அரை நிமிஷம் நிற்க வேண்டியிருக்கவில்லை. நிற்பதற்கு முன்பே லிங்கசாமி அதைக் காலி செய்துவிட்டார். பக்கத்து மேசைக்குப் போக வேண்டிய இரண்டு குலோப்ஜாமூன் கிண்ணங்களும் இறங்கிவிட்டன. பழனாயி அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். சட்னி வந்தது. மறுபடி சட்னி வந்தது. போதும் என்று ஆத்தப்பன் இலைக்கு மேல் கை காட்டுவது போலத் தட்டுக்கு மேல் கை காட்டினார். லிங்கசாமி அந்தக் கையைத் தள்ளிவிட்டு ஊற்றினார்.

"அண்ணா, நீங்க ஒருவாயி உங்கலீங்களே. உக்காருங்க, சித்த நேரம் நான் பாக்கறேன்" என்று மாரக்காள் எழுந்தார்.

"நீ உக்காரு அம்மணி. உனக்கு முழங்கால் ஆகாது."

"அது ஆபரேசன் பண்ணி ரெண்டு வருசம் ஆச்சுங்கண்ணா."

"அப்படியா?" என்றார் லிங்கசாமி. பிடித்திருந்த கரண்டியைச் சட்னிக் கிண்ணத்திலேயே வைத்தார். "எனக்கு ஒருத்தரும் சொல்லுலியே."

மாரக்காள் தன் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டார். லிங்கசாமி தலைமாட்டை விட்டு அங்கே வந்து உட்கார்ந்தார். தறி எப்படி ஓடுகிறது, முழங்காலுக்கு எந்த டாக்டர், பையன் எங்கே வேலை என்று பேச்சு ஆரம்பித்தது.

"ஏனுங்க, அந்த வடை அடியில கருகியிருக்குதுங்களே. பாக்கலீங்களா?" என்று இந்துமதி கணவரின் காதருகில் கேட்டார்.

"நல்லாத்தான இருக்குது" என்றார் மகுடேஸ்வரன், வாய் நிறைய.

சாப்பாடு முடிந்து காபி வந்த நேரத்தில் ஓட்டல் பெண் ஒருத்தி புன்னகையோடு வந்து ஒரு தாளையும் பேனாவையும் மகுடேஸ்வரன் முன்னால் வைத்தாள். "எங்க சர்வீஸ்ல ஏதாச்சும் கொறை இருந்தா எழுதுங்க சார்." முன்பக்கம் பன்னிரண்டு கேள்வி, பின்பக்கம் எட்டு. கடைசியில் விரிவாக எழுத அரைப் பக்கம் காலியிடம். வேன் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று தெரிந்துகொண்ட இந்துமதி, பெருமூச்சு விட்டுச் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டார்.

மகுடேஸ்வரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். அந்தப் பக்கம் ஆத்தப்பன் ஏதோ சொல்ல, அதைக் கேட்க லிங்கசாமி இரண்டு முழங்கையையும் ஊன்றி முன்னால் சாய்ந்தார். மேசை ஒரு பக்கமாக ஆடிற்று. மாரக்காளின் காபி தளும்பிச் சாஸரில் சிந்தியது. அவர் அதைக் கவனிக்காமல் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகுடேஸ்வரன் அந்தத் தாளை நான்காக மடித்தார். மேசைக்கு அடியில் குனிந்து, குட்டையாக இருந்த காலுக்குக் கீழே அதைச் செருகி, கட்டை விரலால் அழுத்தினார்.