கை தட்டின சத்தம்

திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டுப் பின்மதிலுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். இன்று காலை மைக்கில் ஒரு டீச்சர், "பயப்படாம சொன்னா பாருங்க, இந்தப் பொண்ணுக்கு எல்லாரும் கை தட்டுங்க" என்றார். சின்னச் சின்னக் கைகள் தட்டுகிற சத்தம் கேட்டதும் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு மதிலோரம் போய் நின்றேன்.

நான் ஐந்தாவது படிக்கும்போது ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். மதியம் ஊற்றும் கோதுமைக் கஞ்சியின் புளித்த வாடை வகுப்பெல்லாம் அடித்தது. "சாப்பாடு எப்படி? தைரியமா சொல்லுங்க" என்றார். நான்தான் எழுந்து, "கஞ்சியில புழு கீது சார்" என்றேன். அவர் சிரித்து, எல்லாரையும் எனக்காகக் கை தட்டச் சொன்னார்.

ஜீப் போனதும் வாத்தியார் பிரம்பை எடுத்தார். "இப்பவும் தட்டுங்கடா" என்றார். ஒவ்வோர் அடிக்கும் வகுப்பே கை தட்டியது. என் பக்கத்துப் பெண் அழுதுகொண்டே தட்டினாள்.

மறுநாளிலிருந்து அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "வாய் நீளமான பொண்ண எவன் கட்டுவான்?" என்றார். கட்டிக்கொடுத்த வீட்டிலோ, "இன்னா, பொண்ணு ஊமையா?" என்று கேட்டார்கள்.

சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். "யாரைக் கூட்டிகினு போவணும் ஆயா?" என்றார் வாட்ச்மேன். அங்கே எங்கள் வீட்டுப் பிள்ளை யாரும் படிக்கவில்லை. காலையில் பேசின பெண் யாரென்றும் தெரியாது. "இருப்பா, வரட்டும்" என்று சொல்லிவிட்டு, எந்தப் பெண்ணாவது அழுதுகொண்டு வருகிறாளா என்று பார்த்தபடி, கடைசிப் பிள்ளை வெளியே வரும்வரை நின்றிருந்தேன்.